பதினோரு சீவல்கள்

மார்ச் 3

பொடிசுக்கு,

நீ போன் எடுக்கமாட்டாய். உன் அண்ணன் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறாய். என் குரல் கேட்டதும் "சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். கிழிப்பதற்கு முன் கடைசி வரை படித்துவிடு. பாதிக்கு மேல் வேலை விஷயம்தான்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. சீவும் அறையில் உன் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். நல்லவர், கவனமானவர். ஆனால் அவர் சீவும் மூளைச் சீவல் சில நாள் தொட்டித் தண்ணீரில் தங்க நிறத்தில் மிதக்கிறது, தடிமன் கூடிவிட்டது என்று அர்த்தம். நீ சீவினால் எப்போதும் சாம்பல். தண்ணீரில் மிதக்கும் நிறத்தைப் பார்த்தே "இது தடிமன், இது சரி" என்று நீ சொல்வதை நான் அப்போது விளையாட்டு என்று நினைத்திருந்தேன். மிதக்கும் சீவலை நகர்த்த அவர் தன் இமை முடியைக் குச்சியில் ஒட்டி வைத்திருக்கிறார். அது மெல்லியது, வளைந்துகொடுக்கிறது. உன் அண்ணனின் இமை முடி ஒட்டிய குச்சியை நீ கையோடு கொண்டுபோய்விட்டாய்.

நீ கடைசியாகச் சீவிய எலி மூளைத் துண்டைத்தான் இப்போது தடம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஐயாயிரத்து நூறு சீவல், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஒரு படத்தில் நரம்பு நார் வெறும் வட்டம். அடுத்த படத்தில் அந்த வட்டம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து அதே நிறத்தைப் பூச வேண்டும். ஜனவரியில் ஆறாவது அடுக்கில் ஒரு செல்லுக்குப் பச்சை பூச ஆரம்பித்தேன். அதுதான் இப்போது இந்த ஆய்வுக்கூடம் முழுவதும் பேச்சு.

நேற்றுச் சாப்பிடும்போது உன் அண்ணன், "அப்படி என்னதான் கண்டுபிடிச்சே?" என்றார். லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரியும்படி சொன்னேன்.

"பெருமூளைப் புறணி, மூளையோட மேல்பட்டை, அதை ஆறு மாடிக் கட்டடம்னு வெச்சுக்கோங்க. மேலே இருந்து எண்ணணும். உச்சியில ஒண்ணு, அடியில ஆறு."

"உச்சிக்கு ஒண்ணாம் நம்பரா? எந்தக் கட்டடத்துல அப்படிப் போடுறாங்க? பட்டனை அழுத்தினா எங்கே போய் நிக்கும்?"

"கேளுங்க. கண்ணு பார்த்தது, காது கேட்டது எல்லாம் நாலாவது மாடியிலதான் முக்கியமா வந்து இறங்கும். அங்கிருந்து மூணு, ரெண்டுக்கு ஏறும். அங்கே அக்கம்பக்கத்துல பேசி முடிச்சு அஞ்சுக்கு இறங்கும். அஞ்சுல இருந்து வெளியே உத்தரவு போகும். ஆறாவது மாடிக்காரங்க, சேதி வந்த வழிக்கே திருப்பி ஆள் அனுப்புவாங்க. போகிற போக்குல நாலாவது மாடிக்கும் ஒரு கிளை விடுவாங்க."

"ஒண்ணாவது மாடியில யாரு?"

"அநேகமா யாருமே இல்ல. வெறும் கம்பிங்க. கீழே குடியிருக்கறவங்கதான் அது வரைக்கும் கை நீட்டிட்டு இருப்பாங்க."

"மொட்டை மாடின்னு சொல்லேன்."

இதற்கு மேல் அவருக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். ஒரு செல் பக்கத்துச் செல்லை ஒன்று எழுப்பும், இல்லை அடக்கும். தொடுகிற இடத்தில் கோடு தடித்துக் கறுத்திருந்தால் எழுப்புவது. மெல்லியதாக இருந்தால் அடக்குவது. என் பச்சை, ஆறிலிருந்து ஏறி நாலில் கிளை விடுகிறது. அங்கே தொடும் இடமெல்லாம் தடித்த கோடு. பிறகு நேராக ஒன்று வரை ஏறுகிறது. அங்கே தொடும் இடமெல்லாம் மெல்லிய கோடு. கீழே "எழுந்திரு", மேலே "அடங்கு". ஒரே செல் இரண்டையும் சொல்வதை நம் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. பேராசிரியர் அதற்கு "இரட்டை நாக்குக்காரி" என்று பெயர் வைத்துவிட்டார். ஏப்ரல் இருபதாம் தேதி கட்டுரை போகிறது. என் பெயர் முதலில்.

இனிதான் கேள்வி. பச்சை நாலிலிருந்து மேலே திரும்பும் இடம், உன் துண்டில் 3,406 முதல் 3,416 வரை இல்லாத அந்தப் பதினோரு சீவல்களுக்குள் விழுகிறது. 3,405-இல் ஒரு வட்டம் இருக்கிறது. 3,417-இலும் ஏறக்குறைய அதே இடத்தில், அதே அளவில் ஒரு வட்டம். நடுவில் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே நார் என்று நான் சேர்த்துவிட்டேன். உன் சிவப்பு நோட்டில் அந்தப் பதினொன்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று மட்டும் சொல்.

உன் அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

நான் இப்போது ஒரு மருத்துவமனையில் சீவுகிறேன். மெழுகில் பதித்த சதைத் துண்டுகள், நாலு மைக்ரான் தடிமன். உங்களுக்குச் சீவியதைவிட நூறு மடங்கு. முதல் வாரம் கோடாலி பிடித்தது போல இருந்தது. ஆனால் இங்கே ஒவ்வொரு சீவலுக்கும் பின்னால் வெளி வராந்தாவில் முடிவுக்காக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதனால் கோடாலியையும் ஒழுங்காகப் பிடிக்கிறேன்.

3,406-இல் என்ன நடந்தது என்று அறிய நோட்டு எதற்கு? உங்கள் வலது கையைக் கேளுங்கள். சீவும் அறைக் கதவின் கைப்பிடியைத் திருப்பியது அதுதானே.

அன்றைக்குக் கூட்டத்தில் பேராசிரியர் கேட்டார்: "பதினொண்ணு எப்படிப் போச்சு?" நீங்கள் கையிலிருந்த தாளைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். அப்புறம் நீங்கள் சொன்னீர்கள்: "சீவுற அறையில கொஞ்சம் கவனக்குறைவு." அறைக்கா கவனம் இல்லை? அந்த அறையில் என்னைத் தவிர யார் இருந்தார்கள்? நாத்தனார் என்பதற்காகப் பரிந்து பேச வேண்டாம். ஐந்து வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை செய்தவள் என்பதற்காகவாவது தலையை நிமிர்த்தியிருக்கலாம்.

வீட்டில் அண்ணனிடம் நான் மூச்சு விடவில்லை. அவன் இன்னும் நான் சம்பந்தமில்லாமல் கோபித்துக்கொண்டு போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இரட்டை நாக்குக்காரியை நீங்கள் திரையில் தேடியிருக்கவே வேண்டாம். எனக்கு அவளை முன்பே தெரியும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டவள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், வேலை என்பதால். 3,417-இல் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வேறு வட்டம் எதுவும் இல்லையா?


மார்ச் 14

பொடிசு,

இருக்கிறது. இடது பக்கம், சற்றுத் தள்ளி, நிறம் பூசாமல் ஒன்று இருக்கிறது. நான் அருகில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கதவைத் திறந்தது நான்தான். மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "விளக்கு எரியும்போது திறக்கக் கூடாது" என்று கதவில் ஒட்டியிருந்த தாள் என் கையெழுத்து. கூட்டத்தில் என் வாயைக் கட்டியது அந்தத் தாள்தான். விதி எழுதியவளே மீறினாள் என்று சிரிப்பார்கள் என்று பயந்தேன். அவ்வளவு சின்னப் பயம்.

ஏன் திறந்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், சாக்காக அல்ல. அன்று காலை, அதே துண்டில் நீ முன்பே சீவித் தந்திருந்த பகுதியில், ஒரு செல்லை முதல் முறையாக முழுசாகப் பிடித்து முடித்திருந்தேன். ஐந்தாவது அடுக்கில் முக்கோண உடம்பு. அதிலிருந்து ஒரு தண்டு நாலு, மூன்று, இரண்டு என்று எங்கும் நிற்காமல் ஏறி, ஒன்றில் போய்க் குடை போல விரிந்தது. கீழே இருந்துகொண்டு எல்லா மாடியின் பேச்சையும் கேட்கிற செல் அது. ஆயிரத்து எழுநூறு படங்கள். நடுவில் ஒரு இடத்தில்கூட அது எனக்குத் தவறவில்லை. ஏனென்றால் உன் சீவல் ஒன்றுகூட மடியவில்லை, கிழியவில்லை. இதை முதலில் உன்னிடம் காட்ட வேண்டும் என்று ஓடி வந்தேன். விளக்கைப் பார்த்தேன். கை நிற்கவில்லை.

நீ "அண்ணி!" என்று கத்தினாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டேன். காட்ட வந்ததைக் காட்டவே இல்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும்.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். "உன் அண்ணி கூட்டத்துல எழுந்து நின்னு, கதவைத் திறந்தது நான், நோட்டீஸ் எழுதினதும் நான்தான்னு சொன்னாளாம். மூணு மாசமா பாதித் தட்டோட எழுந்துக்கிறவ, நேத்து ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான் நடந்துச்சு? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்றான். அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இவ்வளவும் ஒரு முடி அகலத்துக்கா?" என்றான். முடி அகலம்கூட இல்லை, முடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்கு என்றேன். போனை வைத்துவிட்டான்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. அந்தப் பதினொன்றும் தொலையவில்லை.

கதவு திறந்ததும் காற்று தொட்டித் தண்ணீரில் ஒரு சுருக்கம் எழுப்பியது. அவற்றை ஏந்திச் சுருட்டும் நாடாவுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்த சீவல்களில் பதினொன்று அறுந்து தொட்டியின் ஓரத்துக்கு ஓடிவிட்டன. இயந்திரத்தை நிறுத்தினேன். ஒன்றரை மணி நேரம், மூச்சை ஒரு பக்கமாக விட்டுக்கொண்டு, அண்ணன் முடியால் ஒவ்வொன்றையும் ஓட்டி வந்து கிரிட்டுகளில், அந்தச் சின்னச் செப்பு வலைத் தகடுகளில், ஏந்தினேன். அறுந்தாலும் வரிசை கலையவில்லை. கன்றுகள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போயிருந்தன. அன்றைக்குக் கூட்டத்துக்கு முன்பே சொல்ல வந்தேன். "அண்ணி, அது இருக்கு, எடுத்து..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் "அப்புறம்" என்று உள்ளே போய்விட்டீர்கள். அப்புறம் என்பது வரவில்லை. கூட்டம் முடிந்தபின் நானும் சொல்லவில்லை. அது என் தப்பு. கோபத்தில் ஒரு வேலையைப் பூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சீவும் அறையில் கீழ் இழுப்பறை, பழைய கண்ணாடிக் கத்திகளுக்குப் பின்னால், நீல டப்பா. மேலே தாள் ஒட்டியிருக்கும், படித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழாவதும் எட்டாவதும் மடிந்திருக்கின்றன, ஆனால் மடிப்பு ஓரத்தில்தான். நுண்ணோக்கிக்காரரிடம் கிரிட்டை விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் அவசரக்காரர்.

ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாவைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்கள் திறக்காவிட்டால் பச்சை உங்கள் பச்சையாகவே இருக்கும், உங்கள் பெயர் முதலில் இருக்கும். திறந்தால் அது இரண்டாகப் போகலாம். நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பழி வாங்குவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன்.

பொடிசு


மார்ச் 29 (அட்டை)

அண்ணி, டப்பா கிடைத்ததா? கிரிட்டில் ஈரம் ஏறியிருந்தால் அப்படியே நுண்ணோக்கிக்குள் வைக்காதீர்கள். இதை மட்டும் சொல்லத்தான்.


ஏப்ரல் 2

என் பொடிசுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே டப்பா கிடைத்துவிட்டது. ஈரம் இல்லை. திறக்கத்தான் ஆறு நாள் ஆனது.

பொய் சொல்லமாட்டேன். டப்பாவை என் மேசையில் வைத்துக்கொண்டு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். "இரட்டை நாக்குக்காரி" என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே என் பெயர். பதினெட்டு வருடம் வட்டங்களுக்கு நிறம் பூசியவளுக்கு முதல் தடவையாக ஒரு கட்டுரையின் தொடக்கத்தில் இடம். டப்பாவைத் திரும்ப இழுப்பறையில் வைத்தேன், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. ஆறாம் நாள் அதன் மேலிருந்த உன் எழுத்தைச் சரியாகப் படித்தேன். "அண்ணி திறந்த கதவு. 3,406–3,416." சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு திறக்காமல் இருக்க முடியவில்லை.

நுண்ணோக்கிக்காரர் கிரிட்டை விளிம்பில்தான் பிடித்தார். பார்த்துவிட்டு, "தண்ணியில ஓடிப்போனதைப் பிடிச்சதா இது? நான் நம்பமாட்டேன்," என்றார். பதினொன்றும் தெளிவு. ஏழும் எட்டும்கூட நீ சொன்னபடி நடுவில் சுத்தம்.

3,406-இல் என் பச்சை வட்டம் இருக்கிறது. அதற்கு வலப் பக்கம் இன்னொரு வட்டம், நான் இதுவரை கவனிக்காதது. அடுத்த படத்தில் இரண்டும் நெருங்குகின்றன. 3,408-இல் பச்சைக்குள் ஒரு கறுத்த பொட்டு, மைட்டோகாண்ட்ரியா, தோன்றுகிறது. 3,410-இல் இரண்டு வட்டமும் ஒன்றையொன்று தொடுகின்றன. நெரிசலான படிக்கட்டில் இரண்டு பேர் தோள் உரசிப் போவது போல. உன் ஏழாவதிலும் எட்டாவதிலும் அவை ஒட்டியபடியே நகர்கின்றன. 3,414-இல் பிரிகின்றன. பொட்டு உள்ளது இடப் பக்கம் போய்விட்டது. பொட்டு இல்லாதது, பச்சை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. 3,415-இல் பொட்டு மறைகிறது. அதாவது அந்தப் பொட்டு உன் பதினொன்றுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. வேறு எங்கும் அந்தச் சாட்சி கிடையாது.

இரண்டு செல்கள். ஆறாவது அடுக்குக்காரி இடது பக்கம் திரும்பி, நாலாவது அடுக்கிலேயே மேலும் இருபத்திரண்டு கிளை விடுகிறாள். எல்லாம் தடித்த கோடு. ஒன்றாவது அடுக்குக்கு ஏறுகிறவள் வேறு. அவள் ஐந்தில் இருக்கிற சின்ன உடம்புக்காரி. அடக்குவதுதான் அவள் தொழில். மேலே விரிந்திருக்கும் குடைகளில் போய், "போதும், மெல்ல" என்று சொல்கிறவள். இருவரும் எல்லாப் பாடப் புத்தகங்களிலும் இருப்பவர்கள்.

உடனே மாடிக்குப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன்.

"அப்போ இரட்டை நாக்குக்காரி?"

"இல்ல மேடம். ஒவ்வொருத்திக்கும் ஒரே நாக்குதான். நான்தான் சேர்த்துட்டேன்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தப் பதினொண்ணு இல்லேன்னு நாம எழுதி வெச்சிருக்கோம். எங்கே இருந்துச்சு?"

டப்பாவை நீட்டினேன். தாளைப் படித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, தெரியுமா உனக்கு? தோள் குலுங்கியது. "இதை அப்படியே கட்டுரையில போட முடியாதே," என்றார். பிறகு, "இந்த மாதிரி ஓடிப்போனதைப் பிடிக்கிறவளை நாம போக விட்டுட்டோமா?" என்றார். போக விட்டது நாம் அல்ல, நான் என்றேன்.

கட்டுரை இருபதாம் தேதி போகாது. போகப்போவது வேறு. பதினோரு சீவல் இல்லாவிட்டால் எப்படிப்பட்ட தவறு நேரும் என்பதைப் பற்றி. அதில் உன் பெயர் முதலில். என் பெயர் இரண்டாவதாக வரும், தவறு என்னுடையது என்பதால். பேராசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

வருத்தம் இருக்குமென்று நினைத்தேன். இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நேற்று இரண்டு பேருக்கும் தனித்தனி நிறம் பூசிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். நாலாவது அடுக்கில் ஒரு செல்லை எடுத்து, அதைத் தொடுகிறவர்களை எண்ணினேன். வெளியிலிருந்து சேதி கொண்டுவரும் நார்கள் நூற்றில் ஆறோ ஏழோதான். மற்றதெல்லாம் இந்தக் கட்டடத்துக்காரர்களே: பக்கத்து வீட்டார், மாடிக்காரர், ஆறாவது அடுக்குக்காரி. உலகத்திலிருந்து ஒரு சொல் வருகிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தொண்ணூறு பேர் உள்ளே பேசுகிறார்கள். ஒருத்தி எழுப்புகிறாள், ஒருத்தி அடக்குகிறாள், படிக்கட்டில் தோள் உரசினாலும் ஒருத்தி வேலையை இன்னொருத்தி செய்வதில்லை. இவ்வளவு ஒழுங்காக நடக்கிற இடத்தில் நான் ஒரு அதிசயத்தைத் தேடியிருக்கிறேன். அந்த இடமே அதிசயம் என்பது கண்ணில் படவில்லை.

அன்றைக்குக் காட்ட வந்த செல் இன்னும் என் திரையில் இருக்கிறது. மஞ்சள் நிறம் பூசியிருக்கிறேன். நீ வந்து பார்க்க வேண்டும். கதவைத் தட்டிவிட்டு வருவேன். தட்டினாலும் தண்ணீர் அசையும் என்பாய். சரி, தட்டவும் மாட்டேன். விளக்கு அணையும் வரை வெளியே நிற்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே என்னோடு சீவுகிற அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணி எலி மூளையைப் பத்தி எழுதறாங்களா, உங்க குடும்பத்தைப் பத்தி எழுதறாங்களா?" என்றார். எலியைப் பற்றித்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

பொட்டு உள்ள படத்தை எனக்கு ஒன்று அனுப்புங்கள். 3,410. அன்று ஏந்தும்போது அது வெறும் சாம்பல் துணுக்கு. அதற்குள் இரண்டு பேர் உரசிக்கொண்டு நின்றார்கள் என்பதை நினைத்து ராத்திரியெல்லாம் உள்ளங்கை கூசியது. நீங்கள் ஆறு நாள் கழித்துத் திறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்று மாதம் திறக்காமல் வைத்திருந்தேன். அதனால் பெயர் முதலில் என்பதைப் பற்றி நேரில் சண்டை போடுவோம்.

இங்கே மாத முடிவு வரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வராந்தாவில் காத்திருக்கிறவர்களைப் பாதியில் விட்டு வர முடியாது. மே இரண்டாம் தேதி காலை வண்டி. இப்போது என் நாற்காலியில் உட்காருகிறவரை அனுப்பிவிடாதீர்கள். தங்க நிறம் வந்தால் என்ன செய்வது என்று அவருக்குக் காட்டுகிறேன், அவருக்கும் சாம்பல் வரும்.

டப்பாவின் மேல் உள்ள தாளைக் கிழிக்காதீர்கள்.

அண்ணன் முடி ஒட்டிய குச்சி இங்கே மெழுகில் மாட்டி முறிந்துவிட்டது. வேறு முடி எதுவும் எனக்குக் கை வராது. அவனுடைய வலது கண், வெளி ஓரம், நீளமானவை அங்கேதான். நான் வரும் வரை அவன் கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிசு